படப்புத்தக ஒரிஜினல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி நூலகங்களிலும் புத்தகத் திருவிழாக்களின் ஓரத்திலும் குழந்தைப் படப்புத்தகங்களின் மூல ஓவியங்களைச் சின்ன அளவில் காட்சிக்கு வைத்துவருகிறேன். வீட்டில் ஒரு பீரோ நிறைய அவைதான். எங்கே போனாலும் இதே சந்தேகங்கள் வருகின்றன. ஒவ்வொரு முறையும் வாட்ஸப்பில் தட்டிக்கொண்டிருக்க முடியாமல் இங்கே தொகுத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன்.

1. ஒரிஜினல்னு எதைச் சொல்றீங்க? அதான் புத்தகத்துலயே படம் இருக்கே?

புத்தகத்தில் இருப்பது அச்சு. அந்த அச்சுக்காக ஓவியர் கையால் வரைந்த தாள்தான் ஒரிஜினல். வாட்டர்கலர், பேனா மை, பென்சில், வெட்டி ஒட்டிய வண்ணத்தாள் என்று எதுவாகவும் இருக்கலாம். அதை ஸ்கேன் செய்து, மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு என்று நாலு மையாகப் பிரித்து அடித்ததைத்தான் நாம் கடையில் வாங்குகிறோம். அந்த நாலு மைக்கு எட்டாத நிறங்கள் உண்டு. பளீர் ஆரஞ்சு, ராணி பிங்க், சில நீலங்கள் எல்லாம் அச்சில் ஒரு படி மங்கித்தான் விழும்.

என்னிடம் இருக்கும் ஒரு தாளைச் சொல்கிறேன். குளத்தில் எருமை, அதன் முதுகில் கொக்கு. புத்தகத்தில் பார்த்தால் ஒரே மூச்சில் வரைந்த மாதிரி இருக்கும். தாளிலோ எருமையின் இடது கொம்பு தனித் துண்டு. முதலில் போட்ட கொம்பு பிடிக்காமல், வேறு தாளில் வரைந்து, கத்தரித்து மேலே ஒட்டியிருக்கிறார். பக்கவாட்டில் டார்ச் அடித்தால் ஒட்டின் நிழல் விழும். வலப்பக்க வானம் சும்மா கிடக்கிறது, கதை வரிகளுக்கு விட்ட இடம். கீழ் ஓரத்தில் பென்சிலில் 'நீலம் ஏற வேண்டாம்' என்று அச்சகத்துக்கு ஒரு வரி. எனக்கு அந்தக் கொக்கைவிட இந்தக் கொம்பும் இந்த ஒற்றை வரியும்தான் பிடிக்கும்.

2. இதையெல்லாம் நேர்ல பார்க்கணும்னா எங்கே போறது?

இதற்கென்றே முதலில் எழுந்த அருங்காட்சியகம் டோக்கியோவில் இருக்கிறது. வாட்டர்கலரில் குழந்தைகளை வரைந்த இவாசாகி சிஹிரோ 1974இல் இறந்தபின், அவர் வாழ்ந்த வீட்டிடத்திலேயே 1977இல் சிஹிரோ கலை அருங்காட்சியகம் திறந்தது. நாகானோ மாநிலத்தின் அசுமினோவில் 1997இல் இன்னொன்று வந்தது. ஜப்பானில் இப்படிப்பட்ட இடங்களைப் பார்த்துவிட்டுத்தான் அமெரிக்க ஓவியர் எரிக் கார்லும் அவர் மனைவி பார்பராவும் மாசசூசெட்ஸின் ஆம்ஹர்ஸ்ட்டில் 2002இல் ஒன்றைத் தொடங்கினார்கள். இங்கிலாந்தின் நியூகாசிலில் இருக்கும் 'செவன் ஸ்டோரீஸ்' 2005இல் திறந்தது.

நிரந்தர இடம் அல்லாமல் காட்சியாக நடப்பவற்றில் இரண்டு முக்கியம். ஸ்லோவாகியாவின் பிராட்டிஸ்லாவாவில் 1967 முதல் இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் விழா ஒன்று. இத்தாலியில் போலோக்னா புத்தகச் சந்தையோடு, அதே 1967 முதல் நடக்கும் ஓவியர் காட்சி மற்றொன்று. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் திருவான்மியூரில் தாரா பதிப்பகத்தின் புத்தகக் கட்டடத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். காட்சி இல்லாத நாளில் போனாலும், கையால் திரை அச்சில் (ஸ்கிரீன் பிரிண்ட்) அடித்துத் தைத்த புத்தகங்களைப் புரட்டிப் பார்க்கலாம்.

3. அந்தத் தாள் ஓவியர்கிட்ட இருக்குமா, பதிப்பாளர்கிட்ட இருக்குமா?

ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதைப் பொறுத்தது. முன்பெல்லாம் பல இடங்களில் அச்சு முடிந்ததும் அது வெறும் கழிவு. அச்சடிக்க பிளாக் எடுத்தாயிற்று, தாள் எதற்கு என்று மூட்டை கட்டிவிடுவார்கள். கரையான் தின்றது, பழைய பேப்பர்காரரிடம் போனது எல்லாம் உண்டு.

அமெரிக்காவில் இர்வின் கெர்லான் என்று ஒரு டாக்டர் இருந்தார். அங்கே உணவு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் வேலை. குழந்தைப் புத்தகங்கள் சேர்க்கும் பழக்கம் முற்றி, எழுத்தாளர்களுக்கும் ஓவியர்களுக்கும் நேரடியாகக் கடிதம் போட்டு, கைப்பிரதியையும் மூல ஓவியத்தையும் கேட்க ஆரம்பித்தார். 1949இல் தன் தொகுப்பைத் தான் படித்த மின்னசோட்டா பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார். இன்று அது உலகப் புகழ்பெற்ற தொகுப்பு. கேட்டால் கிடைக்கும் என்பது அவர் விஷயத்தில் உண்மையாக இருந்தது. என் விஷயத்திலும் பாதிக்குப் பாதி உண்மை.

4. ஆரம்பிக்க நிறைய பணம் வேணுமா?

ஏல விலைகளைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ஈ. எச். ஷெப்பர்டு வரைந்த, வின்னி த பூ என்ற கதைக் கரடியின் காட்டு வரைபடம் 2018 ஜூலையில் லண்டனில் 4,30,000 பவுண்டுக்குப் போனது. அது ஒரு முனை. மறுமுனையில், நம் ஊரில் படப்புத்தகம் வரைபவர்களின் வீட்டுக் கட்டில் அடியில் கிடக்கும் தாள்கள் இருக்கின்றன. அவற்றை விலைக்குக் கேட்டு யாரும் வந்ததே இல்லை என்பார்கள்.

நீங்களோ உங்கள் பிள்ளையோ திரும்பத் திரும்பப் படித்த ஒரு புத்தகத்திலிருந்து ஆரம்பியுங்கள். முழு வண்ணப் பக்கம் கைக்கு மீறினால் பென்சில் முன்வரைவைக் கேளுங்கள். புத்தகம் முழுவதையும் தீப்பெட்டி அளவுக் கட்டங்களில் போட்டுப் பார்த்த ஒற்றைத் தாள், கையால் தைத்த மாதிரிப் புத்தகம் இவையும் நல்ல தேர்வு. எனக்கு இவைதான் முடித்த ஓவியத்தைவிடச் சுவாரஸ்யம். பேரம் பேசாதீர்கள். கட்டுப்படி ஆகாவிட்டால் சின்னதாக ஒன்றை வாங்குங்கள்.

வாங்கும்போது ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எந்தப் புத்தகம், எந்தப் பக்கம், எந்த ஆண்டு, என்ன தாள், என்ன வண்ணம், யாரிடமிருந்து யாருக்கு, கையெழுத்து, தேதி. இதை இப்போது அலட்சியம் செய்தால் 15ஆம் கேள்வியில் வந்து மாட்டுவீர்கள்.

5. இப்ப எல்லாரும் டேப்லெட்டுலதானே வரையறாங்க? அதுக்கு ஒரிஜினல் ஏது?

தாளில் இல்லை, அவ்வளவுதான். கோப்பு ஒரிஜினல்தான், ஆனால் அதை ஃப்ரேம் போட முடியாது. அதிலிருந்து நல்ல தாளில் எடுத்து, எண் போட்டு, கையெழுத்திட்ட பிரிண்ட் கிடைக்கும். பிரிண்ட் என்று தெரிந்து வாங்கினால் தவறே இல்லை. ஆனால் பாதி டிஜிட்டல் ஓவியர்கள் முதலில் தாளில் பென்சிலில்தான் வரைகிறார்கள், வண்ணம் மட்டும் கணினியில். அந்தப் பென்சில் தாள் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். சிலர் குப்பைக் கூடையிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

6. நான் வாங்கினது ஒரிஜினலா, பிரிண்டான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்குங்கள். நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்ப்பார்களே, அதுதான். புத்தகம் அடிக்கும் ஆஃப்செட் அச்சாக இருந்தால் சின்னச் சின்னப் புள்ளிகள் பூப்பூவாக அடுக்கியிருக்கும். இங்க்ஜெட்டாக இருந்தால் புள்ளிகள் மணல் தூவியதுபோலத் தெரியும். வாட்டர்கலராக இருந்தால் வண்ணம் தாளின் நாருக்குள் இறங்கியிருக்கும், காய்ந்த இடத்தில் ஓரம் கருத்துக் கோடு கட்டியிருக்கும். தாளைத் திருப்பியும் பாருங்கள். பின்பக்கத்தில் டேப் கறையோ, பக்க எண்ணோ, தூரிகை துடைத்த தடமோ எதுவுமே இல்லாமல் வெள்ளை வெளேரென்று இருந்தால் கொஞ்சம் சந்தேகப்படலாம். முன்பக்கத்தில் கதை வரிகளும் சேர்ந்து அச்சாகியிருந்தால் சந்தேகமே வேண்டாம், பிரிண்ட்தான்.

புள்ளி இல்லாவிட்டால் ஒரிஜினல் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். திரை அச்சில் புள்ளியே இல்லாமல் மை தடித்துக் கிடக்கும். 2ஆம் பதிலில் சொன்ன தாரா புத்தகங்களின் பக்கத்தைத் தனியாகக் காட்டினால் கை ஓவியம் என்று சத்தியம் செய்பவர்கள் உண்டு. இன்னொன்று, புகழ்பெற்ற பக்கத்தை ஓவியரே பிறகு விற்பனைக்காக மறுபடி வரைந்து தருவதும் உண்டு. அது போலி ஆகாது, ஆனால் புத்தகத்துக்குப் போன தாளும் ஆகாது. புத்தகத்தைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு புல்லாக ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

7. காசு கொடுத்து வாங்கிட்டேன். காலண்டர் போடலாமா? ஃபேஸ்புக்ல போடலாமா?

காலண்டர் கூடாது. தாள்தான் உங்களுடையது, படத்தின் பதிப்புரிமை உங்களுடையது அல்ல. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன்படி, சம்பளத்துக்கு வேலையில் இருந்து வரைந்தது போன்ற சில விலக்குகள் போக, முதல் உரிமையாளர் ஓவியர்தான். அவர் எழுத்தில் மாற்றிக்கொடுத்தால்தான் மாறும். பாதுகாப்புக் காலம் அவர் ஆயுளும், இறந்தபின் 60 ஆண்டுகளும். ஃபேஸ்புக்கில் போடவும், பொது இடத்தில் காட்சி வைக்கவும்கூட ஒரு வரி அனுமதி வாங்கிவிடுங்கள். 'பொதுமக்களுக்குத் தெரிவித்தல்' என்று சட்டம் சொல்லும் வரையறை பரந்தது. எனக்கு இதுவரை யாரும் மறுத்ததில்லை, கேட்காமல் போட்டபோது மட்டும் ஒருவர் வருத்தப்பட்டார்.

அதிகம் பேருக்குத் தெரியாத இன்னொரு பிரிவு 53அ. மூல ஓவியத்தை நீங்கள் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனை செய்தால், முதல் உரிமையாளராக இருந்த ஓவியருக்கோ அவர் வாரிசுக்கோ அந்த விலையில் ஒரு பங்கு கேட்கும் உரிமை உண்டு. உச்ச வரம்பு பத்து சதவீதம்.

8. ஃப்ரேம் போட்டு ஹால்ல மாட்டிக்கலாமா?

மாட்டலாம், நான் செய்ததைச் செய்யாமல். நான் வாங்கிய முதல் ஓவியத்தைப் பக்கத்துத் தெரு ஃப்ரேம் கடையில் கொடுத்தேன். பின்னால் பழுப்பு அட்டை, நாலு மூலையிலும் செலோ டேப், கண்ணாடி நேராகத் தாளின் மேல். மாட்டியது மேற்கு ஜன்னலுக்கு எதிரில். மூன்று வருடத்தில் டேப் இருந்த இடமெல்லாம் தேன் நிறமாகிவிட்டது. ஸ்கெட்ச் பேனாவில் போட்டிருந்த சிவப்புப் பாவாடை இப்போது வெளிறிய ரோஸ். ஓவியர் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் காபி குடித்துவிட்டுப் போனார்.

கடைக்காரரிடம் நீங்கள் கேட்க வேண்டியது இவ்வளவுதான். அமிலமில்லாத மவுண்ட் அட்டை. தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இடைவெளி. டேப்போ ஃபெவிகாலோ தாளில் படவே கூடாது. மெல்லிய ஜப்பானியத் தாளைக் கோதுமை மாப்பசையால் ஒட்டி, மேல் ஓரத்தில் இரண்டு கீல் மட்டும். புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி கிடைத்தால் நல்லது. பேஸ்டல் ஓவியத்துக்கு அக்ரிலிக் ஷீட் வேண்டாம், அதன் நிலைமின்சாரம் பொடியை இழுத்துக்கொள்ளும். வெயில் படாத சுவரில் மாட்டி, சில மாதத்துக்கு ஒருமுறை இறக்கிவிட்டு வேறொன்றை மாட்டுங்கள்.

9. நம்ம ஊர் ஈரத்துல காகிதத்தை வெச்சுக் காப்பாத்த முடியுமா?

முடியும், கொஞ்சம் கவனம் வேண்டும். தாளைச் சுருட்டாமல் படுக்கவைத்து, அமிலமில்லாத உறைக்குள் போட்டு, இரும்பு பீரோவின் நடுத்தட்டில் வையுங்கள். அடித்தட்டு கூடவே கூடாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் தரைத்தள வீடுகளில் முதலில் போனது அடித்தட்டுக் காகிதங்கள்தான். பகலில் ஏசி, இரவில் நிறுத்தம் என்று ஈரம் ஏறி இறங்கினால் தாள் அலையடித்துவிடும். அதைவிட ஒரே சீரான அறை மேல்.

ஐப்பசி, கார்த்திகையில் மாதம் இரண்டு முறை எடுத்துப் பாருங்கள். மெல்லிய சாம்பல் பூத்திருந்தால் பூஞ்சை. துடைக்காதீர்கள், மற்றவற்றிலிருந்து பிரித்து, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். இராமபாணப் பூச்சிக்குப் பசை என்றால் உயிர், அதனால் ஒட்டு வேலைப்பாடுள்ள படங்களில் கூடுதல் கண் தேவை. அந்துருண்டையைத் தாளோடு ஒரே உறையில் போடாதீர்கள்.

10. லேமினேட் பண்ணிட்டா தொல்லையே இல்லையே?

ஐயோ, வேண்டாம். சூட்டில் உருகிய பிளாஸ்டிக் தாளோடு ஒன்றிவிடும், திரும்ப எடுக்கவே முடியாது.

11. பழைய படம் ஒண்ணு கிடைச்சது. பென்சில் கோடு, வெள்ளைப் பெயிண்ட், ஒட்டுத் துண்டுன்னு அசிங்கமா இருக்கு. சுத்தம் பண்ணிடலாமா?

தூசியை மென்மையான தூரிகையால் தட்டுங்கள், அதற்கு மேல் எதுவும் வேண்டாம். எருமைக் கொம்பைப் பற்றிச் சொன்னேன் இல்லையா? அந்த ஒட்டை எடுத்துவிட்டால் ஓவியர் மனம் மாறிய இடமே போய்விடும். ஓரத்தில் இருக்கும் அளவுக் கோடுகள், வெட்டும் குறிகள், 'இதை 80 சதவீதம் சிறிதாக்கவும்' என்ற வரி எல்லாமே அந்தத் தாள் அச்சகத்துக்குப் போய்வந்ததற்குச் சாட்சி. விற்பவர்கள் சிலர் அழகு பார்த்து இந்த ஓரங்களை வெட்டிவிடுகிறார்கள். பார்க்கவே வயிறு எரியும்.

இன்னும் விநோதமான ஒரு வகை உண்டு. வண்ணப் பிரிப்பு செலவு பிடித்த காலத்தில் ஓவியரே நிறங்களைப் பிரித்து வரைந்து கொடுப்பார். அடியில் ஒரு தாளில் கறுப்புக் கோடு, அதன் மேல் ஒளி ஊடுருவும் படலங்கள், மஞ்சளுக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று. ஆனால் எல்லாமே கறுப்பிலும் சாம்பலிலும்தான் இருக்கும். வண்ணம் அச்சு இயந்திரத்தில்தான் முதன்முதலாகப் பிறக்கும். இப்படி ஒரு கட்டு கையில் கிடைத்தால், நடுவில் இருக்கும் படலங்களைக் குப்பை என்று எடுத்துவிடாதீர்கள். மூலைகளில் இருக்கும் கூட்டல் குறிகள் ஒன்றின் மேல் ஒன்று பொருந்துகின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

12. எங்க பள்ளியில ஒரு காட்சி வைக்கலாம்னு இருக்கோம். எத்தனை படம், எவ்வளவு உயரம், எவ்வளவு லைட்?

உயரத்தைத்தான் எல்லோரும் கோட்டைவிடுகிறார்கள். பெரியவர்கள் கண்ணுக்குச் சரியாக மாட்டிவிட்டுக் குழந்தைகளை அண்ணாந்து பார்க்கச் சொல்வது என்ன நியாயம்? சிஹிரோ அருங்காட்சியகத்தில் படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 135 செ.மீ. உயரத்தில் வருமாறு மாட்டுகிறார்கள். நர்சரி, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் என்றால் நான் இன்னும் ஒரு சாண் இறக்குவேன்.

வெளிச்சத்துக்கு, தாள் ஓவியங்களுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்பது அருங்காட்சியகங்களின் வழக்கம். வெயிலிலிருந்து உள்ளே வந்ததும் இருட்டாகத் தோன்றும், இரண்டு நிமிடத்தில் கண் பழகிவிடும். மூன்று மாதத்துக்கு மேல் ஒரே படத்தைத் தொங்கவிடாதீர்கள். பள்ளி என்றால் ஒரு வாரமே போதும்.

எண்ணிக்கையில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பத்துப் புத்தகத்திலிருந்து ஆளுக்கொரு அழகான பக்கம் என்று வைக்காமல், ஒரே புத்தகத்தின் எட்டுப் பத்துப் பக்கங்களை வரிசையாக வையுங்கள். முன்வரைவு, கைவிட்ட முயற்சி, முடிந்த படம், அச்சான பக்கம் நான்கும் ஒரு இடத்திலாவது அருகருகே இருக்கட்டும். புத்தகத்தின் நாலைந்து பிரதிகளைப் பாயில் போட்டுவிடுங்கள். போன வருடம் ஒரு மூன்றாம் வகுப்புப் பெண் பாய்க்கும் சுவருக்கும் ஆறேழு முறை ஓடிவிட்டு வந்து, "இதுல வாலு நீளமா இருக்கு, புக்குல வெட்டிட்டாங்க" என்றாள். எனக்கே அதுவரை தெரியாது. தைக்கும் மடிப்புக்குள் போய்விட்டிருந்தது வால்.

13. குழந்தைங்க தொட்டுடுவாங்களே?

தொடுவார்கள். அதனால் சுவரில் இருப்பதற்கெல்லாம் முன்னால் கண்ணாடி, கைக்கு ஒரு மேஜை. மேஜையில் ஓவியர் பயன்படுத்திய அதே ரகத் தாள், கழிந்த அச்சுப் பக்கங்கள், 6ஆம் பதிலில் சொன்ன லென்ஸ். பாதிக் கூட்டம் அங்கேயே நின்றுவிடும்.

14. ஓவியர் ஒரிஜினலை வெளியே அனுப்பமாட்டேங்கறார். பிரிண்ட் வெச்சு நடத்தினா ஏமாத்து ஆகாதா?

பிரிண்ட் என்று எழுதி வைத்தால் ஆகாது. சிஹிரோவின் வாட்டர்கலர்கள் வெளிச்சத்தில் வெளிறும் என்பதால், அந்த அருங்காட்சியகமே நுட்பமான நகல்கள் எடுத்து, நகல் என்று சொல்லித்தான் காட்டுகிறது. முடிந்தால் ஒரே ஒரு ஒரிஜினலையாவது கேட்டு வாங்கி வையுங்கள். அது ஒரு கசங்கிய பென்சில் தாளாக இருந்தாலும் போதும், மக்கள் அதன் முன்னால்தான் நிற்பார்கள்.

15. ஓவியர் "நீங்களே வெச்சுக்கங்க"ன்னு வாயால சொன்னார். எழுதிக் கேட்டா தப்பா நினைக்கமாட்டாரா?

நினைத்தாலும் பரவாயில்லை, கேளுங்கள். அமெரிக்கப் படப்புத்தக ஓவியர் மாரிஸ் செண்டாக் 1968இலிருந்து தன் ஓவியங்களை ஃபிலடெல்பியாவின் ரோசன்பாக் அருங்காட்சியகத்தில் வைத்துவந்தார். சேர்ந்து சேர்ந்து பத்தாயிரத்தைத் தாண்டியது. எல்லாம் வைப்புதான், கொடை அல்ல. அவர் 2012இல் இறந்தார். 2014இல் அவர் சொத்துப் பொறுப்பாளர்கள் திரும்பக் கேட்டார்கள், ஓவியங்கள் போய்விட்டன. உயிலில் சொல்லியிருந்த அரிய புத்தகங்கள் யாருக்கு என்று நீதிமன்றம்வரை போனது. ஓவியங்கள் இப்போது கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. அரை நூற்றாண்டு நட்புக்கே இப்படி என்றால் நீங்களும் நானும் எம்மாத்திரம்?

கொடையா, கடனா, விலையா என்று ஒரே வார்த்தையில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். காட்சிக்காக வாங்கிய கடன் என்றால் எந்தத் தேதியில் திரும்பும், வழியில் சேதமானால் யார் பொறுப்பு என்பதையும் சேருங்கள்.

16. புத்தகத் திருவிழாவுல ஒரு கோண்டு மர ஓவியம் வாங்கினேன். அப்படியே ஒரு படப்புத்தகத்துல இருக்கு. அப்ப இதுதான் ஒரிஜினலா?

பெரும்பாலும் இல்லை. மத்திய இந்தியப் பழங்குடியினரான கோண்டு ஓவியர்கள் ஒரே மரத்தை, ஒரே மானைப் பலமுறை வரைவார்கள். அது அந்த மரபின் இயல்பு, ஒவ்வொன்றும் தனி ஓவியம்தான். பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி மூவரும் தாராவுக்காக 2006இல் செய்த மரங்கள் பற்றிய புத்தகம் 2008இல் போலோக்னாவில் பரிசு வாங்கியது. அதற்குப் பிறகு அந்த மாதிரி மரங்கள் சந்தையில் பெருகிவிட்டன. வேறொருவர் பார்த்து வரைந்ததாகவும் இருக்கலாம். யார் வரைந்தது என்று கேட்டீர்களா?

காட்சி வைப்பவர்களுக்கு ஒன்று. விவரச் சீட்டில் 'பழங்குடி ஓவியம்' என்று போட்டு முடித்துவிடாதீர்கள். ஓவியர் பெயரைப் போடுங்கள். எரிக் கார்ல் படத்துக்குக் கீழே 'அமெரிக்க ஓவியம்' என்று மட்டுமா எழுதுவோம்?

17. ஒரு புத்தகத்தோட எல்லாப் பக்கமும் என்கிட்ட இருக்கு. பிரிச்சுப் பிரிச்சு வித்தா நல்ல விலை வரும்ங்கறாங்க.

வரும். அட்டைப்படத்துக்கும் யானை இருக்கும் பக்கத்துக்கும் ஆள் வரும், காலியான வயல் மட்டும் இருக்கும் பக்கம் உங்களிடமே தங்கிவிடும். 32 பக்கப் புத்தகம் என்றால் பதினைந்து விரிப்புகளுக்குள், அதாவது விரித்துவைத்த இரட்டைப் பக்கங்களுக்குள்தான் முழுக் கதை. அந்த வயல் இல்லாவிட்டால் யானை வருவதற்கு அர்த்தம் இல்லை. ஆங்கிலேயப் படக்கதை ஓவியர் பியாட்ரிக்ஸ் பாட்டரின் தையல்காரர் கதைக்கான ஓவியங்கள் லண்டன் டேட் காட்சிக்கூடத்தில் சேர்ந்தே இருப்பதால்தான், அவர் எப்படி யோசித்தார் என்று இன்றும் பார்க்க முடிகிறது. பணமுடை என்றால் நான் குறை சொல்லமாட்டேன். முதலில் மொத்தத்தையும் ஒரு நூலகமோ பல்கலைக்கழகமோ வாங்குமா என்று பாருங்கள். இல்லையென்றால் முன்னும் பின்னும் ஓரங்களோடு ஸ்கேன் செய்துவிட்டு, யாருக்கு எந்தப் பக்கம் போனது என்று குறித்துவைத்துவிட்டு விற்றுக்கொள்ளுங்கள். 7இல் சொன்ன ஓவியரின் பங்கு நினைவிருக்கட்டும்.

18. எனக்கப்புறம் பசங்க இதைப் பழைய பேப்பருக்குப் போட்டுடுவாங்களோன்னு பயமா இருக்கு.

நியாயமான பயம். லெஸ்லி லிண்டர் என்ற பொறியாளர் பாட்டரின் ஓவியங்களையும் தாள்களையும் தேடித் தேடிச் சேர்த்தார். பாட்டர் ரகசிய எழுத்தில் எழுதிவைத்த நாட்குறிப்பைப் படித்து அவிழ்த்தவரும் அவர்தான். 1973இல் அவர் இறந்தபோது தொகுப்பு உயிலின்படி லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குப் போனது. உயிர் இருக்கும்போதே இடம் பார்த்துவைத்ததால் நடந்தது.

நான் செய்திருப்பது இதுதான். ஒவ்வொரு உறையின் மேலும் மென்மையான பென்சிலில் புத்தகத்தின் பெயர், பக்கம், ஓவியர் பெயர், அவர் வீட்டு விலாசம். அதே பட்டியலை ஒரு நோட்டில் எழுதி, பீரோ சாவியோடு கட்டி, கேஸ் புத்தகமும் ரேஷன் கார்டும் இருக்கும் டப்பாவில் போட்டிருக்கிறேன். முதல் பக்கத்தில், 'எடைக்குப் போடும் முன் இவர்களில் ஒருவருக்கு போன் செய்யவும்' என்று மூன்று எண்கள்.